‘விடு’ என்றது யாருக்கு

தச்சு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, ஆசாரி ஆவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இழைப்பது, துளைப்பது, பொருத்துவது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேகூடப் படிந்துவிடும். கையாளாக இருப்பது எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை. அது ஒரு வேலை என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. நான் கையாளாக வந்து, கையாளாகவே இருந்து, கையாளாகவே ஓய்ந்தவன். ஆகவே இதைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வெங்காயமும் கத்தரியும் போட்டுப் பிழைத்த குடும்பம். கிணறு வற்றிய ஒரு வருஷம் தச்சு வேலைக்கு வந்தேன். பழனி முருகன் காட்டிய பிழைப்பு இது என்று நினைத்தேன். அவன் காட்டியதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

கையாளுக்கு மொத்தமே இரண்டு சொல்தான். பிடி, விடு.

‘பிடி’ என்றால் பிடிக்க வேண்டும். மரம் கையில் ஏறிய பிறகு மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை அசையக் கூடாது. ‘விடு’ என்றால் அந்த நொடியே விட வேண்டும். பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பீர்கள். எனக்கு விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. மனுஷ சுபாவம், கையில் இருப்பதை லேசில் விடாது.

சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு உத்திரம் ஏற்றினோம். ஒரு முனையில் நான், மறு முனையில் இன்னொரு கையாள். நல்ல மனுஷன். மரம் சுவருக்கு மேல் வந்ததும் ஆசாரி ‘விடு’ என்றார். நான் விட்டேன். அந்த மனுஷன், சுவர் விளிம்பு உதிர்ந்துவிடுமோ என்று பயந்து, மெதுவாக இறக்கலாம் என்று பிடித்தே இருந்தார். மரம் உட்கார்ந்தபோது அவருடைய விரல்கள் அடியில் இருந்தன. வீட்டுக்காரர் சுங்குடிச் சாயத்துக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கிழித்துக் கையில் சுற்றினார். சுற்றச் சுற்ற அது சிவந்தது. “நல்லதுக்குத்தானய்யா புடிச்சேன்” என்று அந்தக் கையாள் சொல்லிக்கொண்டே இருந்தார். நம் நல்ல எண்ணம் மரத்துக்குத் தெரியாது, தம்பிமாரே.

அதற்குப் பிறகு நான் என்னைப் பழக்கிக்கொண்டேன். ‘விடு’ என்ற சத்தம் காதில் விழுந்தால் புத்திக்குப் போகாமல் நேரே விரலுக்குப் போகும். வீட்டில் என் சம்சாரம் பிள்ளையிடம் “பூனைய விடுடா” என்று அதட்டினால் என் கையில் இருக்கும் சொம்பு கீழே விழும். “இந்த ஆள்ட்ட ஒரு வார்த்தை பேச முடியுதா” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பழக்கம் ஒரு நாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி அடைமழை. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துத் தெரு ஒன்றில் புதிதாக எழும்பும் வீட்டுக்கு வாசல் நிலை செய்துகொண்டிருந்தோம். என் ஆசாரி வயதில் என்னைவிடச் சிறியவர். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் என்னை “செல்லையாண்ணே” என்பார். நான் அவரை “ஆசாரியாரே” என்பேன். வேலைக்கு அவர் பெரியவர், வயசுக்கு நான் பெரியவன். இரண்டு பேரும் அதை மறக்காததால் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து செத்த நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து முறித்ததுபோல. ஆசாரியின் இழைப்புளி பாதியில் நின்றது.

“செல்லையாண்ணே, அது உத்திரம்” என்றார்.

ஓடினோம். பழைய மச்சு வீடு. முன் அறைக்குக் குறுக்கே ஒரே உத்திரம், அதன்மேல் வரிசையாகச் சின்னக் கட்டைகள், அவற்றுக்கு மேல் செங்கலும் சுண்ணாம்பும். நாள் கணக்காக ஊறிய மழைத் தண்ணீரையும் சேர்த்து அவ்வளவு பாரத்தையும் அந்த ஒரு மரம்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு அம்மா குறுக்கே கை வைத்து நின்றார். உள்ளே அவருடைய மருமகள் சரசு பிரசவ வேதனையில் இருந்தாள்.

“ஆம்பளைக உள்ள வரப்படாது” என்றார்.

“அம்மா, மேல உத்திரம் முறியுது.”

“அதுக்காக? பிள்ளப்பேறு நடக்குற எடத்துக்குள்ள ஆம்பளைய நுழைய வைக்கவா? எங்க குடும்பத்துல அப்படி வழக்கமே இல்ல.”

உள்ளேயிருந்து மருத்துவச்சியின் குரல் வந்தது. “ஏத்தா, கூரை விழுந்துச்சுன்னா அப்புறம் யாருக்குத் தீட்டுக் கழிப்ப? அவுகள வரச் சொல்லு.”

அந்த அம்மாவின் கை இறங்கியது.

அண்ணாந்து பார்த்தோம். உத்திரத்தின் ஒரு முனை, கதவுக்கு மேலே சுவருக்குள் போகும் இடத்தில், நீளமாக வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து ஈர மண் பொடி இறங்கிக்கொண்டிருந்தது. சரசுவை வெளியே தூக்கிப் போகலாம் என்றால் அந்த வெடிப்புக்கு அடியில்தான் போக வேண்டும். வேறு கதவு இல்லை. மருத்துவச்சி அதற்கும் வழியில்லை என்றாள். “தல எறங்கிருச்சு. இப்பத் தூக்குனா ரெண்டு உசுரும் எங்கையில இல்ல.”

நானாக இருந்தால் கையில் கிடைத்ததை நட்டு, ஆப்பை வைத்து, கொட்டாப்புளியால் நாலு அடி அடித்து இறுக்கியிருப்பேன். முட்டுக் கொடுப்பது என்றால் எல்லோரும் அதைத்தான் செய்வோம். ஆசாரி கொட்டாப்புளியை என் கையிலிருந்து வாங்கி வெளியே வைத்துவிட்டார்.

“ஒரு அடி அடிச்சாலும் அதிரும். இது அதிர்ச்சி தாங்காது. அடிக்காமத்தான் நிறுத்தணும்” என்றார்.

நாங்கள் இழைத்துக்கொண்டிருந்த நிலைக்காலைத் தூக்கி வந்து உத்திரத்துக்கு அடியில் நிறுத்தினோம். உத்திரத்தை எட்ட ஒரு கை நீளம் குறைந்தது. அடியில் மரத்துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். நிலைக்காலின் தலையில் ஒரு பலகையைக் கொடுத்தார். உத்திரத்தைத் தொட்டது. ஆனால் இறுக்கம் இல்லை. ஆள் பிடித்தால் நிற்கும், விட்டால் சாயும். அது சாய்ந்தால் அந்த அறையில் சாயாமல் எதுவும் மிஞ்சாது.

“நெடுமரம் ஒன்ன அளவா அறுத்துக் கொண்டாறேன். நான் சொல்லுற வரைக்கும் புடிங்கண்ணே.”

“போங்க ஆசாரியாரே. புடிச்சிருக்கேன்.”

மருத்துவச்சி என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். “ஏலே அப்பு, செவத்தப் பாத்தே நில்லு. திரும்புனேன்னு வையி, கண்ணத் தோண்டிருவேன்.”

“கண்ண மூடிக்கிறேன் ஆத்தா.”

மூடிக்கொண்டேன். நிலைக்காலை மார்போடு அணைத்து, அடுக்கிய துண்டுகள் நகராமல் ஒரு காலை அதன்மேல் ஊன்றி நின்றேன். ஒரு பெண் பிள்ளை பெறும் அறைக்குள் அந்நிய ஆண் நிற்பது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்திருந்தார்கள். தெரிந்தே நிற்கிறேன், மன்னித்துக்கொள் முருகா என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு மந்திரம் எதுவும் தெரியாது.

கண்ணை மூடினால் கை பார்க்க ஆரம்பிக்கும். மேலே மழை வலுத்தால் மரத்துக்குள் ஒரு நடுக்கம் ஓடும். அது என் மார்பெலும்பில் வந்து முட்டும். கழுத்தில் சுண்ணாம்பு உதிரும். எனக்குப் பின்னால் சரசு பல்லைக் கடித்து முனகுவாள். மாமியார் அம்மா அறை மூலையில் நின்று மாரியம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே ரம்பச் சத்தம். அந்தக் கனமான மரத்தை ஒற்றை ஆளாக அறுக்க முடியாது, மறு முனையைப் பிடிக்கக் கையாள் வேண்டும். கையாள் உள்ளே நிற்கிறேன். அதனால் சரசுவின் புருஷனை ஆசாரி பிடித்து உட்கார வைத்திருந்தார். அவர் பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர். ரம்பம் தொட்டதே இல்லை.

“ஏனப்பா, இழுக்கத்தானே சொன்னேன். ஏன் தள்ளுற?”

“எனக்கு அரம் புடிச்சுத்தான் பழக்கம்ண்ணே.”

“பூட்டு ராவுற மாதிரி இதையும் ராவிக்கிட்டிருந்தா, நாம அறுத்து முடிக்கிறதுக்குள்ள உம்புள்ள பள்ளிக்கூடம் போயிரும். இழு.”

ரம்பம் இழுபட்டது.

உள்ளே மருத்துவச்சியின் குரல் மாறியது. அதுவரை கதை பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தவள் வேலைக்காரக் குரலுக்கு வந்தாள். எங்கள் ஆசாரியின் குரலும் பாரம் ஏற்றும்போது அப்படித்தான் ஆகும்.

“மூச்சப் புடி தாயி. புடி. புடி. புடிச்சுக்க. ம், விடு.”

என் இரண்டு கையும் திறந்துவிட்டன.

நான் திறக்கவில்லை. அத்தனை வருஷம் நான் பழக்கிய பழக்கம் திறந்தது. நிலைக்கால் என் மார்பிலிருந்து நழுவுவதை உணர்ந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தோளைக் கொடுத்து முட்டி, மறுபடியும் கட்டிப் பிடித்தேன். மேலே ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். ஒரு செங்கல் துண்டு விழுந்து தரையில் சிதறியது.

“என்னலே அங்க?” என்றாள் மருத்துவச்சி.

“ஆத்தா, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீக.”

“எந்த வார்த்தைய?”

எனக்கு அதை வாயால் சொல்லவே பயமாக இருந்தது. சொன்னால் என் கையே கேட்டுவிடுமோ என்று. “புடிக்கு அடுத்தாப்புல சொன்னீகளே, அது. எங்க வேலையில அதச் சொன்னா நாங்க கைய எடுத்துருவோம்.”



“சரி. எறக்குங்கிறேன்.”

“அதுவும் எங்க வேலையில இருக்கு ஆத்தா.”

“தளத்துங்கவா?”

“அது வேணவே வேணாம்.”

“நான் என்ன பேறு பாக்க வந்தேனா, இவங்கிட்டப் பேச்சுப் பழக வந்தேனா? ஊதுங்கிறேன். ஊதலாமா?”

“ஊதலாம் ஆத்தா. ஊதுனா ஒன்னும் ஆகாது.”

அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் சரசு வலியில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது, அவள் சிரிக்கிறாள். மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தாள். மேலே வீடு இடியக் காத்திருக்கிறது, உடம்புக்குள் உயிர் போகும் வலி, அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. “சிரி தாயி, நல்லாச் சிரி. அதுவும் பிள்ளைக்கு வழிதான்” என்றாள் மருத்துவச்சி.

அதன் பிறகு ‘புடி’யும் ‘ஊது’வுமாகப் போயிற்று. எனக்குத் தோள் மரத்துப்போனது. அதைவிட மோசமாக இன்னொன்றும் நடந்தது. நிலைக்கால் கனத்துக்கொண்டே வந்தது. தொட்டும் தொடாமலும் இருந்த உத்திரம் இப்போது அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. அடியில் அடுக்கிய துண்டுகள் ஈரத் தரையில் மெல்லப் புதைவது என் பாதத்துக்குத் தெரிந்தது.

இதைச் சொல்லலாமா, வேண்டாமா? தம்பிமாரே, வேலையில் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். சொன்னால் மாமியார் அம்மா அலறுவார். அலறினால் சரசு பயப்படுவாள். வெளியே ஆசாரி அவசரப்பட்டு அறுத்தால் அளவு தப்பும். சொல்வதால் அந்த அறையில் யாரும் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். ரம்பச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது சீராக ஓடியது. அது ஓடும் வரைக்கும் என் வேலை நிற்பது மட்டும்தான்.

பிறகு ரம்பம் நின்றது. அதே சமயம் எனக்குப் பின்னால் எல்லாம் ஒன்றாக நடக்கத் தொடங்கியது. மருத்துவச்சி கத்தினாள். மாமியார் அம்மா கத்தினார். சரசுவின் குரல் மனுஷக் குரலாகவே இல்லை.

“வந்துருச்சு தாயி, தல வந்துருச்சு. முக்கு. புடி, புடி, புடி. அம்புட்டுத்தான், இப்ப விடு.”

மறந்துவிட்டாள். அந்த நேரத்தில் யார்தான் மறக்க மாட்டார்கள். அந்தச் சொல் என் காதில் விழுந்தது, என் விரல்களும் அதைக் கேட்டன.

“அண்ணே, உங்களுக்கில்ல.”

சொன்னது சரசு.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. அந்த நிலையில் இருக்கும் பெண்ணுக்குத் தன் பெயர்கூட ஞாபகம் இருக்காது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு உயிரை உலகத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிற அந்த நொடியில், முதுகு காட்டி நிற்கும், முன்பின் தெரியாத ஒரு கூலியாள் கையைத் திறந்துவிடக் கூடாது என்று அவளுக்கு நினைப்பு இருந்திருக்கிறது. அவளைக் காப்பாற்ற நான் நிற்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் விரல்கள் இறுகின. குழந்தை அழுதது.

“பொம்பளப் புள்ள” என்றாள் மருத்துவச்சி, சாதாரணக் குரலில்.

ஆசாரி தலையைக் குனிந்தபடி நெடுமரத்தோடு உள்ளே வந்தார். சரசுவின் புருஷன் மறு முனையைத் தூக்கி வந்தார். என் பக்கத்தில் நிறுத்தி, சரித்து, மயிரிழை மயிரிழையாக உத்திரத்துக்கு அடியில் தள்ளினார்கள். அடிக்கவில்லை. ஆப்பைக் கடப்பாரை நுனியால் நெம்பி நெம்பியே ஆசாரி ஏற்றினார். மேலே இருந்த முனகல் நின்றது.

“விடுங்கண்ணே” என்றார்.

“எனக்கா?” என்றேன்.

ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வேற யாருக்கு?”

விட நினைத்தேன், கை திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாக அவர்தான் பிரித்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மாமியார் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என்னால் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. அவரே என் வாயில் ஊற்றினார். முன்னே எங்களைத் தடுத்த அதே கை. குடித்து முடித்ததும் சொன்னார்:

“இருந்தாலும் தீட்டு தீட்டுத்தான்ப்பா. குளிச்சிட்டு வீட்டுக்குப் போ.”

“சரிங்கம்மா” என்றேன். மழையில் ஏற்கனவே குளித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வழக்கம் வழக்கம்தானே. குளித்துவிட்டுத்தான் போனேன்.

மருத்துவச்சி சரி என்றதும் தாயையும் பிள்ளையையும் கட்டிலோடு தூக்கி, நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த புது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டுக்கு இன்னும் நிலையே வைக்கவில்லை. வாசலில் ஒரு போர்வையைக் கட்டினோம்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். சொல் காதில் விழுந்ததும் கை கேட்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் எந்த வாய் ‘பிடி’ என்றதோ அந்த வாய் ‘விடு’ என்றால்தான் அது உங்களுக்கு. வேலை நடக்கும் இடத்தில் நூறு குரல் கேட்கும். வீட்டுக்காரர் சொல்வார், கொத்தனார் சொல்வார், தெருவில் போகிறவனும் சொல்வான். உங்களைப் பிடிக்கச் சொன்னது யார் என்பதை ஒரு கணமும் மறக்காதீர்கள். நான் இதைச் சின்னாளப்பட்டியில் பாதி கற்றேன். மீதியை அந்த அறையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எனக்குச் சொன்னாள்.

மழை வெறித்த பிறகு கூரையைப் பிரித்து அந்த உத்திரத்தை இறக்கினோம். வெயிலில் கிடத்தி, வெடித்த முனையை அறுத்தோம். ரம்பம் மரத்தில் ஓடுகிற சத்தமே இல்லை. காகிதத்தில் ஓடுவதுபோல் ஓடியது. துண்டு கழன்று விழுந்தது. உள்ளே கரையான் தின்று தீர்த்த வெறும் கூடு. சுற்றிலும் மேல்தோல் மட்டும் மிச்சம்.

ஆசாரி தரையில் உட்கார்ந்து உத்திரத்தின் அறுத்த முனைக்குள் கையை நுழைத்தார். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள் வரைக்கும் போனது. மரத்தின் வெளிப்புறத்தில், நாங்கள் முட்டுக் கொடுத்த இடத்தில், நிலைக்கால் தலைப் பலகையின் தடம் பதிந்திருந்தது. அவருடைய விரல் உள்ளே அந்த இடத்தையும் தாண்டிப் போய்த் தட்டியது. நான் மார்போடு அணைத்து நிறுத்தியதாக நினைத்த இடமும் கூடுதான். அங்கே தாங்குவதற்கு மரமே இல்லை.

கையை வெளியே எடுத்தார். தோள் வரை செம்மண்.

“அப்ப இத யாருய்யா புடிச்சிருந்தது?” என்றார்.

என் பக்கம் திரும்பாமல்தான் கேட்டார். முருகன் சன்னிதியில் நிற்பதுபோல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவரும் ஒற்றிக்கொண்டார்.